பதினொரு துண்டும் ஒன்றரை அடிச் சுவரும்

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து உண்மை பேசுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. அடிபட்ட காரணம் ஒன்று இருக்கும், வெளியே சொல்லுகிற காரணம் வேறாக இருக்கும். குளியலறையில் வழுக்கியவன் பைக்கில் விழுந்தேன் என்பான். பைக்கில் விழுந்தவன் மாடு குறுக்கே வந்தது என்பான். நான் ஒருத்தன்தான் நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். அதனாலோ என்னவோ, என்னைத்தான் யாரும் நம்புவதில்லை.

அன்றைக்கு என் சீட்டில் நாச்சிமுத்து, டோக்கன் பதினேழு என்று எழுதியிருந்தது. உள்ளே ஜெனிபர் மேடம் ஒன்பதாம் நம்பருக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் எனக்கு இடது பக்கம் லாரி டிரைவர் மாதேஸ்வரன், முழங்காலில் கட்டோடு. வலது பக்கம் லீலாவதி டீச்சர், மணிக்கட்டு உடைந்து சேர்ந்தவர். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொல்ல இவரைவிட ஆபத்தான ஆள் நாமக்கல்லில் கிடையாது. போதாததற்கு என் எதிர்வீடு.

"உங்களுக்குத் தோள்ல எப்படீங்க அடி?" என்று மாதேஸ்வரன்தான் ஆரம்பித்தார். நானாக ஆரம்பிக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"லாரிங்க," என்றேன். "எடை மேடையில சிமென்ட் லாரி. பிரேக் பிடிக்காம பின்னால உருண்டு வருது. பின்னாடி டீக்கடை, அதுல பத்துப் பேரு. என்ன பண்றது? வலது கையை நீட்டிப் பிடிச்சேன். லாரி நின்னுருச்சு. அதோட தோளும் நின்னுருச்சு."

"போன வாரம் டிராக்டர்னீங்க," என்றார் டீச்சர், தலையைத் திருப்பாமல்.

"டிராக்டரைத்தானுங்க லாரியில ஏத்தியிருந்தாங்க."

"சிமென்ட்டுன்னீங்களே?"

"டிராக்டர் மேல சிமென்ட்டு."

"பரண்ல முறுக்கு டின்னை எடுக்க ஸ்டூல்ல ஏறி விழுந்துட்டீங்கன்னு பாவாயி அக்கா சொன்னாங்க."

பாவாயி என் மனைவி. அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் பஸ் ஸ்டாண்டில் மைக் போட்டுச் சொல்வதும் ஒன்றுதான். ஆனால் முப்பத்தோரு வருஷம் எடை மேடையில் டிரைவர்களோடு மல்லுக்கட்டியவன் நான். இதற்கெல்லாம் அசந்துவிடுவேனா?

"முறுக்கு அவ சுட்டது டீச்சரம்மா. லாரிக்கும் அதுக்கும் எடையில பெரிய வித்தியாசம் கிடையாது."

மாதேஸ்வரன் சிரித்துவிட்டார். சிரித்தவன் மாட்டிக்கொண்டவன். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீதியைச் சொல்ல ஆரம்பித்தேன்.

தோள் இறுகிப்போனால் என்ன ஆகும் தெரியுமோ? கை நெஞ்சுக்கு மேலே போகாது. சட்டையாவது பரவாயில்லை, முன்னால் பித்தான் இருக்கிறது. பனியன்தான் எமன். காலையில் பாவாயிதான் மாட்டிவிடுவாள். தலை பாதி உள்ளே போயிருக்கும்போது அவளுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவாள். ஒரு தடவை அவள் தங்கச்சி போன் வந்ததில் என்னைச் சுத்தமாக மறந்தேபோனாள். பனியனுக்குள்ளேயே ஒரு வாரம் இருந்தேன்.

"ஒரு வாரமா!" என்றார் மாதேஸ்வரன். "சாப்பாடு?"

"கை விடற ஓட்டை வழியா."

"ரெண்டு ஓட்டை இருக்குமே. இன்னொண்ணு?"

"அது வழியாத்தான் பேப்பர் படிச்சேன்."

இந்த நிலைமையில்தான் டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். சுவர் பக்கத்தில் நின்று, கையை நீட்டி, ரெண்டு விரலால் சுவரில் மெல்ல மெல்ல மேலே நடக்க வேண்டும். எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். கோடு தலைக்கு மேலே போகிற அன்றைக்கு நானே பனியன் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவுதான் வைத்தியம்.

"அதுக்கு வீட்டுச் சுவரு போதாதா?" என்று டீச்சர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். வீட்டில் முயற்சி பண்ணாமல் இல்லை. கூடத்துச் சுவரில் விரல் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் என் மாமனார் போட்டோ நிற்கும், மாலையோடு. அவரைத் தொடாமல் மேலே போக முடியாது. தொட்டால் பாவாயி விடமாட்டாள். அந்த வீட்டில் மாமனாருக்கு மேலே நான் என்றைக்குமே போனதில்லை, இனிமேலா போகப்போகிறேன்? மற்ற சுவரெல்லாம் காலண்டர், பீரோ, மகன் கல்யாண போட்டோவைப் பெரிது பண்ணி மாட்டினது.

அதனால் ஜிம்மில் சேர்ந்தேன். வஜ்ரா ஜிம். கோழித்தீவனக் கடைக்கு மேலே, மாடியில். அங்கே கதவுக்குப் பின்னால் ஒன்றரை அடி அகலத்தில் வெறும் சுவர் இருந்தது. ஆணி இல்லை, படம் இல்லை, மாமனார் இல்லை. எனக்குக் கோயில் மாதிரி தெரிந்தது.

ஆனால் என் விரல் ஏறுகிற வேகத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். என்னோடு ஒரே நேரத்தில் ஒரு எறும்பு புறப்படும். அது மேலே போய், பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளைகளோடு இறங்கி வரும். நான் இன்னும் சுவிட்ச் பெட்டி உயரத்தில்தான் நிற்பேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டி, அதில் ரெண்டு கொசுவும் பிடித்துவிட்டது. நானும் கலைக்கவில்லை. எனக்கும் ஜிம்மில் பேச்சுத்துணை வேண்டாமா?

"கோடு எத்தனை ஏறுச்சு?" இது டீச்சர்.

"முதல் மாசம் ரெண்டு விரற்கடை."

"ரெண்டாவது மாசம்?"

"ஒண்ணரை இறங்குச்சு."

இனி அங்கே இருந்த பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாஸ்டர் பெயர் தரணிதரன். புஜம் எவ்வளவு பெரிது என்றால், கையை மடக்கி வாய்க்குக் கொண்டுபோக முடியாது. அதனால் எதிரே இன்னொரு பையனை உட்காரவைத்துக்கொள்வான். அவன் முட்டையை எறிவான், இவன் வாயில் பிடிப்பான். பிறகு இவன் எறிவான், அவன் பிடிப்பான். தரணியின் பைக் சத்தம் கோழிப்பண்ணைப் பக்கம் கேட்டால் போதும், நாளைக்குப் போட வேண்டிய முட்டையையும் கோழிகள் இன்றைக்கே போட்டுவிடும். சேவல்கள்கூடப் பயந்துபோய் முக்கிப் பார்க்கும்.

"சேவலா!" மாதேஸ்வரனுக்குத் தாங்கவில்லை.

"முக்கிப் பார்க்கும்னுதான் சொன்னேன். போட்டுச்சுன்னு சொன்னேனா? அளவுக்கு மீறி எதுவும் சொல்ல மாட்டேனுங்க."

ஒருநாள் காலையில் வழக்கம்போல சுவரில் கையை நீட்டி நின்றேன். ஒரு பையன் வந்தான். என்னைப் பார்த்தான். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். என் கையில் மாட்டிவிட்டுப் போனான்.

கையில் கொடுத்தான் என்று நினைக்காதீர்கள். மாட்டினான். ஆணியில் மாட்டுகிறமாதிரி. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ரெண்டு மாசமாக ஒரே உயரத்தில் அசையாமல் நிற்கிற ஒரு பொருளை அவன் வேறு என்னவென்று நினைப்பான்? அடுத்தவன் வந்தான், அவனும் மாட்டினான். பத்து மணிக்குள் பதினொரு துண்டு, நாலு ஹெல்மெட், ஒரு சைக்கிள்.

"சைக்கிளா?" என்றார் டீச்சர்.

"சின்ன சைக்கிள்தான் டீச்சரம்மா."

"ஏனுங்க, நீங்க சத்தம் போட வேண்டியதுதானே?" மாதேஸ்வரனுக்குக் கோபமே வந்துவிட்டது. நல்ல மனுஷன்.

"போட்டேனே. 'தம்பி, நான் மனுஷன்டா'ன்னேன். தரணி திரும்பிப் பார்த்தான். 'தாத்தா, அசையாதீங்க, ஹெல்மெட் விழுந்துரும்'னான்."

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒரு திங்கட்கிழமை தரணி டேப்போடு வந்து என் சுவரை அளந்தான். என் கையைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு அளந்தான், ஜன்னல் கதவை நகர்த்துகிறமாதிரி.

"தாத்தா, அடுத்த திங்கட்கிழமை இங்க ஆளுயரக் கண்ணாடி வருது. சுத்தியும் லைட்டு. பசங்க வீடியோ எடுக்கறதுக்கு. நீங்க படிக்கட்டுக்குக் கீழ, தண்ணி கேன் பக்கத்துல உங்க வேலையைப் பார்த்துக்கங்க."

படிக்கட்டுக்குக் கீழே போய் நின்று பார்த்தேன். அங்கே கூரையே என் தாடை உயரம். குனிந்துதான் நிற்க வேண்டும். என் கை குணமாகி மேலே போக நினைத்தாலும் போவதற்கு அங்கே இடம் இல்லை. அந்த ஒன்றரை அடிச் சுவர் போனால், நான் சாகிறவரைக்கும் பாவாயிதான் பனியன் மாட்டிவிட வேண்டும். அவளுக்கும் அறுபத்தாறு ஆகிறது. அவள் கையும் எத்தனை நாளைக்கு மேலே போகும்?

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது போலிருக்கிறது. டீச்சர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். மாதேஸ்வரன் கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்திக்கொண்டு என் பக்கம் வந்தார். பெஞ்சில் இந்த மாதிரி அமைதி வந்தால் உடம்புக்கு ஆகாது. சட்டென்று கியரை மாற்றினேன்.

அந்த நேரம் பார்த்துத் தரணி நூற்றைம்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு, "தாத்தா, இந்தப் போனைப் பிடிச்சு வீடியோ எடுங்க" என்றான். ராடில் மாட்டியிருந்த இரும்புப் பிளேட்டை ஓரக்கண்ணால் பார்த்தேன். "தம்பி, இதுல நூத்தைம்பது இல்லை" என்றேன்.

ஜிம்மே நின்றுவிட்டது. ஓடுகிற மெஷினில் ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். மெஷின் நிற்கவில்லை. அவன் கோழித்தீவனக் கடையில் போய் விழுந்தான்.

"பார்த்தே சொல்லிடுவீங்களா?" என்றார் மாதேஸ்வரன்.

"முப்பத்தோரு வருஷம் வேபிரிட்ஜுங்க! லாரி ஊருக்கு வெளிய முதலைப்பட்டியில ஹாரன் அடிச்சா, நான் இங்க உட்கார்ந்து டன்னு எழுதிருவேன். டிரைவர் இட்லி சாப்பிட்டாரா பொங்கல் சாப்பிட்டாரான்னும் எழுதுவேன்."

"சரி, நான் இன்னைக்கு என்ன சாப்பிட்டேன், சொல்லுங்க பார்ப்போம்."

"நீங்க இன்னும் சாப்பிடலை. அதான் பசியில குறுக்க குறுக்கப் பேசறீங்க."

மாதேஸ்வரன் டீச்சர் பக்கம் திரும்பினார். "நிசமாவே சாப்பிடலைங்க டீச்சர்" என்று முனகினார். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில், அவருக்கு இன்னொரு காலும் மடங்கியிருக்கும்.

தரணிக்கும் எனக்கும் பந்தயம். பிளேட்டு அத்தனையையும் எடை போட வேண்டும். எழுதின எடை சரியாக இருந்தால் நான் படிக்கட்டுக்குக் கீழே. குறைந்திருந்தால் சுவர் எனக்கு, கண்ணாடி கிடையாது. சனிக்கிழமை நாள் குறித்தோம். ஜிம் மொத்தத்தையும் லாரியில் ஏற்றினார்கள்.

"எத்தனை வீலு?" லாரி என்றதும் மாதேஸ்வரன் நிமிர்ந்துவிட்டார்.

"பத்து வீலு. காலி வண்டி முதல்ல போட்டோம். ஒன்பதாயிரத்து இருநூறு. பிளேட்டுல எழுதியிருக்கிறபடி சரக்கு ரெண்டாயிரம் கிலோ. ரெண்டையும் கூட்டி டீச்சரம்மா சொல்லட்டும்."

"பதினோராயிரத்து இருநூறு."

"அது வரணும். வந்தா நான் தோத்தேன்."

எடை மேடையில் ஏமாற்றுகிறவர்கள் எத்தனை வகை என்று எனக்குத் தெரியும். தண்ணீர் டிரம்மை ரொப்பிக்கொண்டு வருவான் ஒருத்தன். ஒரு வீலை மேடைக்கு வெளியே தொங்கவிடுவான் இன்னொருத்தன். லோடுமேனைத் தார்ப்பாய்க்குள் படுக்கப்போட்டு எடை கூட்டுவது பழைய வித்தை. லாரி மேடையில் ஏறி நின்றதும் நான் மூக்கை உறிஞ்சினேன். தார்ப்பாய்க்குக் கீழே அவித்த முட்டை வாசனை.

"தரணி, இறங்கு" என்றேன். தார்ப்பாய் அசையவில்லை. "எண்பத்தி நாலு கிலோ. காலையில வெள்ளைக்கரு பன்னிரண்டு. மஞ்சக்கரு வேண்டாம்னு தள்ளிவெச்சு, அப்புறம் யாருக்கும் தெரியாம ஒண்ணே ஒண்ணு முழுங்கியிருக்கே. இறங்கு." தார்ப்பாய் விலகியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினான். மஞ்சக்கரு வெளியே தெரிந்துபோன அவமானம் அவனுக்கு.

"அப்புறம்? எவ்வளவு வந்துச்சு?" மாதேஸ்வரன் கட்டுப் போட்ட காலை மறந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"எட்டாயிரத்து எழுநூறு."

டீச்சர் உடைந்த கையின் விரல்களை மடக்கி நிமிர்த்திக் கணக்குப் போட்டார். பிசியோதெரபி மேடம் ஒரு மாசமாகக் கெஞ்சியும் மடங்காத விரல்கள் அவை.

"இருங்க. காலி வண்டியே ஒன்பதாயிரத்து இருநூறு. சரக்கு ஏத்தின வண்டி எட்டாயிரத்து எழுநூறா?"

"ஆமாங்க."

"அப்படீன்னா பிளேட்டோட எடை மைனஸ் ஐநூறா?"

"நான் வாயைத் திறக்கலை. கணக்கு டீச்சர், நீங்களே சொல்லிட்டீங்க."

"அப்ப அந்தப் பசங்க இத்தனை நாளா எதைத் தூக்கினாங்க?"

"அவனுங்க எங்க தூக்கினானுங்க? பிளேட்டுதான் அவனுங்களைத் தூக்கிட்டு இருந்திருக்கு! ராடைக் கெட்டியாப் பிடிச்சு, மேல பறந்துபோகாம கீழ இழுத்துட்டு இருந்தானுங்க. அதுக்குத்தான் அத்தனை வேர்வை, அத்தனை சத்தம். தார்ப்பாய்க் கயித்தை அவிழ்த்தோமா, இருபது கிலோ பிளேட்டெல்லாம் வரிசையா எந்திரிச்சு, நம்மூரு மலைக்கோட்டையை ஒரு சுத்துச் சுத்தி, கொல்லிமலைப் பக்கம் போயிருச்சு. கடைசிப் பிளேட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தரணி ஆலமர உயரத்துல தொங்கினான். எட்டிப் பிடிச்சு இறக்கினதே நான்தான்."

"எந்தக் கையால?" என்றார் டீச்சர்.

அப்பா! என்ன பொறி! ஆனால் நான் விழவில்லை.

"இடது கையாலதான். வலது கைதான் மேல போகாதே, மறந்துட்டீங்களா? பொய் சொல்றவனா இருந்தா இந்நேரம் வலது கைன்னு உளறியிருப்பான்."

தரணி என் காலில் விழுந்தான் என்றேன். விழுந்தவனை எழுப்ப நாலு பேர் வேண்டியிருந்தது என்றேன். ஒன்றரை அடிச் சுவரை என் பெயருக்குப் பத்திரம் பண்ணி, பட்டா மாற்றி, வில்லங்கச் சான்றிதழும் கையில் கொடுத்துவிட்டான் என்றேன். இப்போது ஜிம்முக்குள் போகிறவன் எவனும் என் சுவரைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறான் என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

ஜெனிபர் மேடம். கையில் டோக்கன் சீட்டு. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

"ஐயா, வஜ்ரா ஜிம்முங்களா? தீவனக் கடைக்கு மேல? நானும் அங்கதான் வர்றேன், சாயங்கால பேட்ச்."

நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல மின்விசிறி.

"கதவுக்குப் பின்னால கண்ணாடி மாட்டி மூணு வாரம் ஆச்சுங்களே."

மாதேஸ்வரன் மெதுவாக உட்கார்ந்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். என்னை நன்றாகப் பார்ப்பதற்காக.

"ஆனா ஒரு விஷயமுங்க," என்று மேடமே தொடர்ந்தார். "அந்தக் கண்ணாடியில தினமும் எண்ணெய் விரல் தடம். கீழ இருந்து ஏணி மாதிரி ஏறிப் போகுது. பசங்க ராத்திரி துடைச்சுட்டுப் போவாங்க, காலைல பார்த்தா மறுபடியும் இருக்கும். ஒருத்தனும் அங்க வீடியோ எடுக்க முடியலை. எடுத்தா எல்லார் நெஞ்சுலயும் படிக்கட்டு விழுந்துருது. யாருன்னே தெரியாம இருந்துச்சு. தைல வாசம் மட்டும் எனக்கு எங்கேயோ பழக்கமா இருந்துச்சு."

மூன்று பேரும் என் வலது கையைப் பார்த்தார்கள். காலையில் பாவாயி தேய்த்துவிட்ட தைலம் இன்னும் மினுமினுவென்று இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கலாம் என்று பார்த்தேன். அதுவும் அந்தப் பக்கம் போகாது.

"சுவரை விட்டு நகரச் சொன்னாங்க, சரின்னு விட்டுட்டேன்," என்றேன். "கண்ணாடியை விட்டு நகரச் சொல்லி இதுவரைக்கும் யாரும் சொல்லலையே. காலைல ஆறு மணிக்கு, கூட்டிப் பெருக்கறவங்க கதவைத் திறந்ததும் முதல் ஆளா நிப்பேன்."

அப்போதுகூட மாதேஸ்வரன் முகத்தில் ஒரு வாட்டம் தெரிந்தது. பாவம், கொல்லிமலை வரைக்கும் கூட வந்த மனுஷன். அவரை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்:

"உண்மையைச் சொல்லட்டுமா? அந்தக் கண்ணாடியை மாட்டச் சொன்னதே நான்தான். இந்த மாதிரி ஒரு வேலைக்கு ஒரு நாச்சிமுத்து பத்தாதுன்னு தோணுச்சு. இப்பப் பாருங்க, நான் இந்தப் பக்கம் இருந்து ஏறறேன், அவன் அந்தப் பக்கம் இருந்து ஏறறான். ரெண்டு பேரு!"

லீலாவதி டீச்சர் என் கையை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு பேரு, மூணு வாரம். இன்னும் நெஞ்சைத் தாண்டலையேண்ணா?" என்றார். "உள்ள போங்க, பதினேழு கூப்பிடறாங்க."